கணவாய்க்கு இந்தப் பக்கம் எல்லா அறையும் உறுதி

போவுதா, காத்மாண்டு
தசைன் பண்டிகை விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை

கோம்பா மடத்து மணி கேட்கும் தூரத்தில் குறைவின்றி வாழும் அக்கா லாமு புட்டி அவர்களின் பாதங்களுக்கு, தலைநகரத்தில் வயிறு மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும் தம்பி கியால்சென் பணிந்து எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி சம்ஜி, என் இடது முழங்கால் மூவரும் சுகம். முழங்காலைப் பற்றி எழுதியது மரியாதைக்காக. அங்கே தாமே கிராமத்தில் உங்கள் சுகம், விடுதியின் சுகம், ஐந்து யாக்குகளின் சுகம், இவ்வருட உருளைக்கிழங்கின் சுகம் எல்லாம் அறிய ஆசை.

போன் இருக்கும்போது இவன் எதற்காகக் காகிதத்தை வீணாக்குகிறான் என்று நினைப்பீர்கள். விஷயம் உங்கள் கணவர், என் அத்தானைப் பற்றியது. போனில் அந்தப் பேச்சை எடுத்தால் நீங்கள் வைத்துவிடுவீர்கள். பதினோரு வருடமாக அதுதான் வழக்கம். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, அடுப்பில் வேண்டுமானால் போடலாம். தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டுப் போடவும். அவர் பெயரை இதில் எங்கும் எழுதவில்லை. போனவர்களின் பெயரைச் சொன்னால் அவர்கள் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்ப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் மலைப்பயணக் கம்பெனிக்கு நெதர்லாந்திலிருந்து வில்லமைன் என்றொரு அம்மாள் எழுதினார், வயது அறுபத்தேழு, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பதினான்கு வருடங்களுக்கு முன் அத்தானோடு ரென்ஜோ கணவாயைக் கடந்து கோக்கியோ ஏரியைப் பார்த்தவர். இப்போது தோழிகள் ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டு அதே வழியில் மறுபடியும் வருகிறார். ஒரே நிபந்தனை, அதே கைடு வேண்டும், இல்லையென்றால் வேறு கம்பெனி. அவர் இறந்துவிட்டார் அம்மா என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்தது. ஆனால் உண்மையை ஒரே வரியில் எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பருவத்தில் எனக்கு வாய்த்த ஒரே குழு அதுதான். மற்றபடி என் அலுவலகக் கதவைத் திறந்து வந்தவர்கள் எல்லாரும் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர்கள். ஆகவே பயணத் திட்டத்தில் ‘வழிகாட்டி’ என்ற கட்டத்தில் அத்தானின் முழுப் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். அப்போது எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனமும் தோன்றியது. நம் ஆட்கள் பிள்ளைக்குப் பெயர் வைக்க மூளையைக் கசக்குவதில்லை, பிறந்த கிழமை போதும். கிழமை ஏழுதான், ஆட்கள் எத்தனை ஆயிரம்! அதே பெயரில் இன்னொருவரைப் பிடித்து, தொப்பியை மாட்டி, முன்னால் நடக்கவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பதினான்கு வருடத்தில் யார்தான் மாறவில்லை? என்னையே என் பழைய கடவுச்சீட்டுப் படத்தோடு ஒப்பிட்டு விமான நிலையத்தில் இரண்டு பேர் கூடிப் பேசினார்கள்.

முழுப் பெயரும் பொருந்துகிறவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும். முதல் ஆளைக் கூப்பிட்டேன். “அண்ணே, அந்தப் பேரு இப்ப என்கிட்ட இல்ல. உங்க அத்தான் தவறின அந்த மாசமே லாமாகிட்டப் போய் மாத்திக்கிட்டேன். பதினோரு வருசமா நான் தெம்பா. இது தெரியாமலா கம்பெனி நடத்தறீங்க?” என்றார். இரண்டாமவரும் மாற்றிக்கொண்டாராம். மூன்றாமவரின் மனைவிதான் போனை எடுத்தாள். “இன்னொரு தடவ அந்தப் பேரச் சொல்லி எங்க வீட்டுக்குப் போன் பண்ணினீங்க, மரியாத கெட்டுடும். என் புருசன் உசுரோட இருக்கறது உங்களுக்குப் பிடிக்கலையா?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் யோசிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெயருக்கு நம் பள்ளத்தாக்கில் உயிரோடு ஆள் கிடையாது. சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரே ஒருவர்தான் பாக்கி. ஆனால் நான் அதற்கு முன்பே கூப்பிட்டு முடித்திருந்தேன். பக்டிங், நாம்சே, லுங்டென், கோக்கியோ என்று நான்கு விடுதிகளில் அறை சொல்லும்போது கைடு பெயர் என்ன என்று கேட்டார்கள். நான்கு தடவை, வாயால், சத்தமாகச் சொன்னேன். லைன் சரியில்லை என்று பக்டிங்குக்கு எழுத்து எழுத்தாக வேறு. உங்கள் விடுதிக்கு மட்டும் சொல்லவில்லை. திட்டத்தைப் படமெடுத்து அனுப்பினேனே, அதன் மூலையில் ஒரு கட்டைவிரல் தெரிந்திருக்கும். அது தற்செயலாக விழுந்த விரல் அல்ல.

மூன்றாம் நாள் பக்டிங் விடுதிக்காரர் கூப்பிட்டார். கீழ்மலையிலிருந்து வந்து புதிதாக விடுதி எடுத்த ராய் இனத்துக்காரர், நம் ஊர்க் கதை எதுவும் தெரியாதவர். “உங்க கைடு வந்துட்டுப் போனாருங்க. நல்ல மனுசன். அந்த நெதர்லாந்து அம்மாவுக்கு முட்டி சரியில்லையாம், மாடிப்படி வேண்டாம்னு கீழ் அறைக்கு மாத்தச் சொன்னாரு, மாத்திட்டேன். எல்லாம் சரிதான், ஆனா அவரு வந்தப்ப கட்டிலுக்கு அடியில போன என் நாய் இன்னும் வெளிய வரல” என்றார். நான் எந்தக் கைடையும் அனுப்பவில்லை. அந்த அம்மாளின் முட்டி பற்றி எனக்கே தெரியாது. உடனே நெதர்லாந்துக்கு எழுதிக் கேட்டேன். ‘ஆமாம், வலது முட்டி, போன மாதம்தான் ஆரம்பித்தது, யாரிடமும் சொல்லவில்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று பதில் வந்தது. நிறுவனத்தின் அனுபவம் என்று பதில் எழுதினேன்.

மறுநாள் நாம்சே. அங்கே விடுதி நடத்தும் தோமா இரண்டு வருடத்துக்கு முன் கல்யாணமாகி வந்தவள். “உங்க கைடு சொன்ன மாதிரி ஒரு நாளுக்குப் பதிலா மூணு நாளுக்கு அறை எழுதிட்டேன். ‘மூவாயிரத்தி நானூறு மீட்டர்ல ஒரே ராத்திரி தங்க வச்சு மேல ஏத்தறானே, நாக்காலில உக்காந்தே மலை ஏறறவன்’னு உங்களத் திட்டினாரு. டீ குடுத்தேன், கையில வச்சுக்கிட்டே இருந்தாரு. போனப்புறம் பாத்தா அப்படியே விளிம்பு வரைக்கும் இருக்கு. மேல மட்டும் ஐஸ் பிடிச்சிருந்தது” என்றாள். அக்கா, நாற்காலியில் உட்கார்ந்தே மலை ஏறுகிறவன் என்று இவ்வுலகில் என்னை ஒருவர்தான் சொல்வார்.

லுங்டெனில் விடுதி வைத்திருக்கும் வயதான சோகி அம்மாவை நானே கூப்பிட்டேன். அவர் நம் ஊர்க்காரர், அத்தானோடு ஒன்றாக யாக்கு மேய்த்தவர். “வந்தாரு” என்றார். “பூண்டு சூப்பு தயாரா வைக்கணும், வாந்தி எடுக்கறவங்கள மேல அனுப்பாம இங்கயே படுக்க வைக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு. இங்க எங்கயும் இன்னும் பனி விழல, கியால்சென். அவரு பூட்ஸ்ல மட்டும் பனி. அடுப்பு ஓரமாவே உக்காந்திருந்தாரு, அது உருகல. யாருன்னு நான் கேக்கல. நீயும் கேக்காத.”

இந்த இடத்தில் வெட்கத்தைவிட்டு ஒன்று ஒத்துக்கொள்கிறேன். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், என் முப்பது வருடத் தொழிலில் இவ்வளவு ஒழுங்காக ஒரு பயணம் திட்டமிடப்பட்டதே இல்லை. சம்ஜிகூட, “பேசாம கம்பெனிய அவருகிட்டயே குடுத்துடுங்க” என்றாள். இந்த அசட்டுத் தைரியத்தில்தான் கோக்கியோவுக்குப் போன் செய்தேன். கணவாயை இறங்கியதும் அடுத்த தங்கல் அது. “யாரும் வரலையே, உங்க அறை இன்னும் உறுதியாகல” என்றார்கள். மறுநாளும் கேட்டேன். யாரும் வரவில்லை. எல்லா அறையும் கணவாய்க்கு இந்தப் பக்கத்தில் உறுதி. அந்தப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. அத்தான் எந்த இடத்தில் நின்றுபோனாரோ அந்த இடத்தில் திட்டமும் நின்றுபோயிருந்தது. எட்டுப் பெண்மணிகள் அவர் பின்னால் வரிசையாக நடந்து, ஐயாயிரத்து முந்நூறு மீட்டரில் கொடிகள் கட்டிய அந்த மேட்டை அடைகிறார்கள். அதற்கப்புறம்? அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைத் தெரிந்த உங்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

இன்னொன்றும் உண்டு. இதை எழுதத்தான் மேலே இவ்வளவு வளவளத்தேன். பதினோரு வருடங்களுக்கு முன் அத்தான் கடைசியாகப் போன பயணத்தின் திட்டத்தையும் எழுதியது நான். வந்தவர்களுக்கு விமானத் தேதி நெருக்கியது என்று நாம்சேயில் சும்மா இருக்கவேண்டிய ஒரு நாளை விழுங்கினேன். வேண்டாம் என்று அவர் சொன்னார். நான் கேட்கவில்லை. ஒரு நாள் முன்னதாகக் கணவாயில் இருந்தார்கள், அந்த ஒரு நாளில் பனி கொட்டியது. எல்லாரையும் கீழே இறக்கிவிட்டு, பின்தங்கிய ஒருவரைத் தேடி மறுபடி ஏறினார். பின்தங்கியவர் வேறு வழியாக இறங்கி வந்துவிட்டார், அத்தான் வரவில்லை. விதி என்று ஊரெல்லாம் சொன்னபோது நானும் கூடச் சேர்ந்து தலையாட்டினேன். அது விதி இல்லை அக்கா, என் பேனா. இந்தத் தடவையும் அதே நாம்சேயில் அதே நாளை விழுங்கியிருந்தேன்.

போவுதா லாமாவிடம் ஓடினேன். அவர் என் வயிற்றை ஒரு தடவை, முகத்தை ஒரு தடவை பார்த்தார். “கூப்பிட்டாச்சு. இனி அந்தப் பேர உசுரோட இருக்கற ஒருத்தன் வாங்கிக்கணும். அவன்தான் முன்னால நடக்கணும். அந்தப் பேர உரிமையோட கூப்பிட்டவ யாரோ, அவ வாயாலயே ஒரு தடவ அவனக் கூப்பிடணும். அப்பதான் பேரு இடம் மாறும்” என்றார். யார் வாங்கிக்கொள்வார்கள் என்று கேட்டேன். “வேற யாரு?” என்றார்.

ஆகவே புதன்கிழமை லுக்லாவுக்குப் பறக்கும் குழுவோடு கைடாக வருபவன் நான். நாம்சேக்கு மேலே பதினோரு வருடமாகக் கால் வைக்காதவன், மூன்றாம் மாடிக்குப் போக மின்தூக்கி பழுது பார்க்கப்படும்வரை கீழே டீ குடிப்பவன். ஐந்தாம் நாள் உங்கள் வாசலுக்கு வருவோம். எல்லார் முன்னாலும் என்னை அத்தானின் பெயரால் ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள். பதினோரு வருடமாக அது உங்கள் வாயில் வரவில்லை என்று தெரியும். தம்பியை அப்படிக் கூப்பிடுவது எவ்வளவு கசக்கும் என்றும் தெரியும். கூப்பிட்ட பிறகு முகத்தில் சாம்பலை வீசினாலும் துடைத்துக்கொண்டு மேலே ஏறுவேன். எட்டுப் பேர் உயிர், அக்கா.

யாக்குகளுக்கு என் அன்பு, உருளைக்கிழங்குகளுக்கு என் ஏக்கம், கோம்பா விளக்குக்கு என் சார்பில் ஒரு கரண்டி வெண்ணெய். உங்கள் நிழல் நீண்டு இருக்கட்டும்.

தங்கள் ஆசியை நம்பி முழங்காலைக் கிளப்பும்,
கியால்சென்

பின்குறிப்பு: முன்னால் புறப்படும் சமையல்காரரிடம் கொடுப்பதற்காக உறையை ஒட்டினேன், ஒட்டிய கை காய்வதற்குள் நீங்களே போனில் வந்தீர்கள். “ஏன்டா, நாம்சேயில ஒரே ராத்திரின்னு எழுதியிருக்கியே, அறுபத்தேழு வயசுப் பொம்பள என்ன யாக்கா? உன் திட்டத்தப் பாத்ததும் வயிறு எரிஞ்சுது. நான்தான் அவர அனுப்பினேன், கீழ இருந்து ஒவ்வொரு இடமாப் பாத்துட்டு வாங்கன்னு.” யாரை அக்கா என்று கேட்டேன். பெயரைச் சொன்னீர்கள், முழுப் பெயரும், உப்பு எங்கே என்று கேட்கிற குரலில். “பதினோரு வருசமா தினம் காலையில டீ ஊத்தறப்பக் கூப்பிடறேன். நீ அந்தப் பேச்ச எடுக்கறப்பெல்லாம் அவரு பக்கத்துலதான் இருப்பாரு, அதான் வச்சுடுவேன்.” என் லாமா யோசனையைச் சொன்னேன். உங்களுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. “நீ கூப்பிட்டு வந்தாராக்கும்! உசுரோட இருந்தப்பவே உன் பேச்ச அவரு கேட்டதில்ல. உன் பேர நீயே வச்சுக்கிட்டு வா.” நாம்சேயில் விழுங்கிய நாளைப் பற்றியும் சொன்னேன். “தெரியும்டா. அன்னிக்கே சொன்னாரு” என்றீர்கள். “கணவாய் வரைக்கும் அவரு பாத்துப்பாரு. அந்தப் பக்கம் கால் வைக்க அவரால முடியல, எத்தனையோ தடவ பாத்துட்டாரு. அங்கேர்ந்து நீ கூட்டிட்டுப் போ. அதுக்குத்தான் உன்ன வரச் சொல்றாரு.” கோக்கியோவுக்கு உடனே போன் செய்து, முன்பு சொன்ன பெயரை எடுத்துவிட்டு, கியால்சென் என்ற என் பெயரிலேயே ஐந்து அறையை உறுதி செய்துவிட்டேன். இனி இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை, கிழித்துவிடுகிறேன் என்றேன். “கிழிக்காத, அனுப்பு. அவரும் படிக்கட்டும்” என்றீர்கள். அதனால்தான் உறையைப் பிரித்து, அத்தானைப் பற்றி முதலில் எழுதியிருந்த இரண்டு வரிகளை மை ஊற்றி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லவும்.