விசாரிக்க வந்தவர்

"ஒருத்தருக்கும் மூச்சு விட்டிடாதேங்கோ" என்று கலியாணப் புறோக்கர் பத்மாவதி போனில் சொல்லி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அச்சுவேலிச் சந்தியில் சீவரத்தினம் அதை ஆறாவது ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இண்டைக்குக் கொடிகாமத்திலையிருந்து விசாரிக்க வருகினம். மயூரதனைப் பற்றி ஆரும் கேட்டால் நல்லதாச் சொல்லு, குகதாசன்."

"நான் எப்ப அண்ணை கூடாமச் சொன்னனான்?" என்றான் தேத்தண்ணிக் கடைக் குகதாசன்.

சொன்னதெல்லாம் நல்லதுதான். பெண் கொடுக்க நினைப்பவர்கள் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறுமுன் சந்தியில் நின்று நாலு பேரிடம் விசாரிப்பது வழக்கம். அந்த விசாரிப்பிலேதான் அவருடைய மகன் மயூரதனுக்கு வந்த மூன்று சம்பந்தமும் குழம்பின. முதல்முறை குகதாசன், "நல்ல பெடியன், வாயே திறக்கமாட்டான்" என்றான். ஊமை என்று முடிவுகட்டிவிட்டுப் போனார்கள். இரண்டாம் முறை சலூன்காரன், "பொழுதுபட்டாத் தோட்டத்துக்கைதான் விழுந்து கிடப்பான்" என்றான். தண்ணீர் இறைக்கும் மெசின் திருத்தத்தான் கிடக்கிறான் என்பதைச் சொல்ல மறந்துவிட்டான். அது குடியாகிப்போயிற்று. மூன்றாம் முறை குழப்பியது யாரென்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் சீவரத்தினம் இப்போது மறியல் வீட்டில் கம்பி எண்ணிக்கொண்டிருப்பார்.

மகனுக்கு வயது முப்பத்தாறு. தாய் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். தனக்குப் பிறகு அந்த வீட்டில் அவன் தனியே இருந்து சாப்பிடுவானே என்று நினைத்தாலே சீவரத்தினத்துக்குச் சோறு இறங்குவதில்லை.

பத்து மணிபோல ஓர் ஓட்டோ வந்து நின்றது. தொப்பி, கமரா, கையில் எழுதும் கொப்பி சகிதம் ஒருவர் பின்னால் இருந்தார்.

"நிலாவரைக் கிணற்றுக்கு எப்படிப் போறது?" என்று கேட்டார்.

"எங்கையிருந்து வாறியள்?"

"கொடிகாமம்" என்றார் ஓட்டோக்காரர்.

சீவரத்தினத்துக்குப் பிடிபட்டுவிட்டது. கொடிகாமத்து ஆள் இந்த வெயிலில் கிணறு பார்க்கவா வருவான்? கிணறு ஒரு சாட்டு. கொப்பியோடு வந்திருக்கிறான் என்றால் பொல்லாத ஆள். குகதாசன் வாயைத் திறக்குமுன் அவர் பாய்ந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

"விடுங்கோ தம்பி, நான் காட்டுறன்."

தகப்பன் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆகவே தான் வெறும் ஊர்க்காரன் என்றே வைத்துக்கொண்டு தொடங்கினார்.

"இஞ்சை மயூரதன் எண்டு ஒரு பெடியன் இருக்கிறான். தங்கம்."

"அப்படியா?" என்ற தொப்பிக்காரர் வெளியே செம்மண் தோட்டங்களைப் பார்த்து ஏதோ எழுதினார்.

தங்கம் போதாதுபோலிருந்தது. "மச்சம் மாமிசம் தொடமாட்டான். விடியக் காலமை கோயில். மூண்டு பாஷை கதைப்பான்."

ஓட்டோக்காரர் ஒரு பள்ளத்தில் விட்டு எடுத்தார். அந்தக் குலுக்கலில் இன்னும் இரண்டு மூன்று குணங்கள் சீவரத்தினத்தின் வாயிலிருந்து விழுந்தன.

நிலாவரையில் தொப்பிக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இதில் எலுமிச்சை, அதான் தேசிக்காய், போட்டால் அவ்வளவு தூரத்துக் கீரிமலைக் கேணியில் மிதக்குமாமே, உண்மையா?"

"உண்மையோ? மயூரதன் காலமை போட்டிட்டுப் போய்ப் பின்னேரம் அங்கை எடுத்தவன்!"

"அதே தேசிக்காயையா?"

"பேர் எழுதியெல்லோ போட்டவன்!"

தொப்பிக்காரர் துள்ளிவிட்டார். "அவரை நான் உடனே பார்க்க வேணுமே!"

சீவரத்தினம் அவசரமாகக் குறுக்கே வந்து நின்றார். இந்த நேரம் மகன் எந்தத் தோட்டத்தில் எந்த எண்ணெய்க்குள் கிடக்கிறானோ? "அவன் இண்டைக்கு விரதம். நாளைக்குப் பாப்பம். வாங்கோ, வெளிக்கிடுவம்."

வெளிக்கிட முடியவில்லை. ஓட்டோ ஸ்டார்ட் வரவில்லை. ஓட்டோக்காரர் குனிந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "கிட்டடியிலை திருத்திறாக்கள் ஆரும் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை" என்று சீவரத்தினம் முந்தினார்.

"ஏன் இல்லை? உந்தத் தோட்டத்திலைதானே மயூரதன் மெசின் திருத்துறான்" என்ற, கிணற்றடியில் கச்சான் கடலை விற்கும் பெண், அந்தக் கிணறே அதிர ஒரு சத்தம் வைத்தாள்.

முழங்கைவரை எண்ணெயோடு மயூரதன் வந்தான். வந்தவன் ஓட்டோவைப் பார்க்கவில்லை.

"அப்பா, இந்த வெய்யிலுக்கை இஞ்சை என்ன செய்யிறியள்?"

"இந்தப் பிள்ளை வயசு போன ஆரையும் அப்பா எண்டுதான் கூப்பிடும்" என்றார் சீவரத்தினம், தொப்பிக்காரரைப் பார்த்து.

"பிறசர் குளிசை போட்டனீங்களோ அப்பா?"

தொப்பிக்காரர் கொப்பியைத் திறந்தார். "மூன்று மொழி பேசுறவர் நீங்களா?"

"எனக்குத் தமிழே அளவாத்தான் வரும்."

"தேசிக்காய் போட்டுக் கீரிமலையில் எடுத்தீங்களாமே?"

"நானோ? எனக்கு உந்தக் கிணத்தை எட்டிப் பாக்கவே பயம்."

குனிந்தான், ஏதோ பூட்டினான், ஓட்டோ உறுமியது. "கூலி ஒண்டும் வேண்டாம், வேலை ஒண்டும் இருக்கேல்லை" என்று ஓட்டோக்காரரிடம் சொன்னான். தன் தண்ணீர்ப் போத்தலைத் தகப்பன் கையில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குள் போய்விட்டான்.

தொப்பிக்காரர் மெல்லக் கனைத்தார். "ஐயா, நான் ஸலாஹுதீன். புத்தளத்தில் பூகோளம் படிப்பிக்கிறேன். கொடிகாமத்தில் கூட்டாளி வீட்டில் தங்கி, கிணறுகளைப் பற்றி எழுதுறேன். அந்தத் தேசிக்காயை நான் கொப்பியில் வெட்டிவிடலாம்தானே?"

சீவரத்தினம் அப்படியே படிக்கட்டில் இருந்துவிட்டார். உண்மையான ஆட்கள் இந்நேரம் சந்திக்கு வந்திருப்பார்கள். குகதாசன் வாயைத் திறந்திருப்பான்.

வாத்தியார் கிணற்றடியில் படம் எடுக்க நின்றுகொண்டார். "வாங்கோ அண்ணை, உங்களைச் சந்தியிலை விட்டிட்டு வாறன்" என்றார் ஓட்டோக்காரர்.

பாதி வழியில்தான் அவர் கேட்டார். "அது உங்கடை மகன்தானே?"

"ஓம் தம்பி. நான் சொன்னதெல்லாம் பொய். மீன் இல்லாட்டி அவனுக்குச் சோறு இறங்காது. கோயிலுக்குத் திருவிழாவுக்குத்தான் போவான்." சீவரத்தினம் மகனின் தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டார். "ஆனால் தாய் படுக்கையிலை கிடந்த இரண்டு வருசமும் தலை இழுத்துப் பின்னிவிட்டது அவன்தான். பின்னத் தெரியாது, பக்கத்து வீட்டிலை கேட்டுப் பழகினவன்."

"இதை ஏன் அண்ணை அந்த மனுசனுக்குச் சொல்லேல்லை?"

"விசாரிக்க வாறவனுக்குச் சொல்லுற கதையோ அது?"

ஓட்டோக்காரர் ஓட்டோவை ஒரு வேப்பமர நிழலில் ஓரங்கட்டினார். இறங்கி வந்து, தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஓட்டோவிலை ஒரு பழுதும் இருக்கேல்லை. பெடியனைப் பாக்க வேணுமெண்டு வயரைக் கழட்டினது நான்தான், சம்பந்தி."