மீனைத் திட்டிப் பிடித்த கிராணி

மலேசியாவில் இருக்கிற அத்தனை தோட்டங்களையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், சால்மன் கிராணியைப் போல என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். இத்தனை வருஷம் கழித்தும் அவரை நினைத்தால் எனக்கு மூக்கு விடைக்கிறது. நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

எழுபதுகளில் கேமரன் மலையில், கம்போங் ராஜாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தமிழ்ப் பள்ளிக்கு என்னை வாத்தியாராகப் போட்டார்கள். தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர். கல்யாணமாகாத மனுஷன், ஒல்லி, வழுக்கை, பரம சாது. தோட்டத்தின் கடைசி வெள்ளைக்கார துரை ஊருக்குக் கப்பலேறும்போது தம்முடைய நீளமான தூண்டில் கோலை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். கூடவே ஒரு வேதத்தையும் ஓதிவிட்டுப் போயிருக்கிறார். அவர் ஊரில் சால்மன் என்று ஒரு மீன் உண்டு. இலையுதிர் காலத்தில் கடலை விட்டு ஆற்றில் ஏறும். ஏறும்போது எதையும் தின்னாது. கோபம் வந்தால் மட்டும்தான் தூண்டிலைக் கடிக்கும். ஓயாமல் அதையே பேசிப் பேசித்தான் அவருக்குச் சால்மன் கிராணி என்று பேர் விழுந்தது. அந்த மீனை நம்ம கிராணி டின்னில் ஒட்டிய படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் துரை சொன்ன சட்டம் சட்டம்தான். இலையுதிர் காலத்தில் மட்டுமே தூண்டில், மற்ற மாதங்களில் கோலைத் தொடுவது பாவம்.

நம் நாட்டில் இலையுதிர் காலம் ஏது என்று கேட்டுப் பார்த்தேன்.

"மழை பெய்யுதுல்ல வாத்தியாரே? ஆத்துல கெலா மீனு மேல ஏறுதுல்ல? அப்ப சீசன்தான் லா," என்றார்.

அவர் கணக்குப்படி அந்த சீசன் எப்போது வந்தது தெரியுமா? புரட்டாசியில்! வீட்டுக்கு வீடு மீன் சட்டியைக் கவிழ்த்து வைக்கும் மாதத்தில்! பதினொரு மாதம் கோலுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார். புரட்டாசி பிறந்ததும் தோளில் வைத்துக்கொண்டு கோலா தெர்லா பக்கம் ஆற்றுக்கு இறங்கிவிடுவார். பிடிப்பார், பார்ப்பார், விட்டுவிடுவார். விரதம் இருப்பவர் எப்படித் தின்பது? ஐப்பசி பிறந்து ஊரே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும்போது, கோலைப் பரணில் ஏற்றிவிடுவார். இதைவிட அக்கிரமம் உண்டா?

கோயில் தலைவருக்கு இதில் வேறு விதமான கொதிப்பு.

"பெருமாளோட மொத அவதாரமே மீனுதான்யா! அவரு மாசத்துலயே அவருக்குத் தூண்டில் போடுறியே, உருப்படுவியா?"

"நான்தான் பெருமாளத் திருப்பி ஆத்துல விட்டுர்றேனே, தலைவரே," என்றார் கிராணி பவ்யமாக.

துரையின் சட்டத்தில் புழு கூடாது. கொக்கியில் இறகு கட்டித்தான் போட வேண்டும். துரை கொடுத்த இறகெல்லாம் பூச்சி அரித்துப் போனதும், கங்காணியின் சேவல் ஒருநாள் வாலில்லாமல் வீடு திரும்பியது. சாதாரண சேவல் இல்லை, முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டது. ஊனமான சேவலை முனியாண்டி ஏற்கமாட்டார். கங்காணி பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். "வாலு முளைக்கிற வரைக்கும் முனியாண்டிய நீ சமாளிடா!" என்று அவர் போட்ட சத்தம் திரிங்காப் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆனால் கிராணி மீன் பிடிக்கும் அழகைப் பார்க்க வேண்டும். ஆபீஸில் மானேஜர் என்ன திட்டினாலும் "சரிங்க துரை" என்பதற்கு மேல் ஒரு சொல் வராத மனுஷன், பாறைமேல் ஏறி நின்றதும் அவதாரம் எடுப்பார். மீனுக்குக் கோபம் வர வேண்டுமே!

"ஏன்டா முட்டாப்பயலே! வேலைக்கு வந்தியா தூங்க வந்தியா? உனக்கெல்லாம் எவன்டா சம்பளம் குடுக்கறான்?"

காலையில் மானேஜர் அவருக்குக் கொடுத்ததை வரி பிசகாமல் மீனுக்குக் கொடுப்பார். மீனும் கடிக்கும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சிரித்தது போதும், விஷயத்துக்கு வருகிறேன். ஒரு புரட்டாசியில் என் மனைவி தலைச்சன் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். எதைச் சாப்பிட்டாலும் குமட்டல். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. "இப்படியே போனா ரெண்டு உசுருக்கும் ஆவாது சார். எதயாச்சும் உள்ள எறங்க வைங்க," என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் சொல்லிவிட்டுப் போனார். என்னதான் வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டேன். ஆற்று மீன் குழம்பு என்றாள். அதுவும் ஐப்பசி ஒன்றாம் தேதிதான். பிள்ளைக்காகப் பெருமாளுக்கு விரதம், அதற்கு முன்னால் மூச்சு விடக்கூடாது என்றாள். தாப்பா ரோட்டு வளைவையெல்லாம் சுற்றி லாரியில் வருகிற கடல் மீனோ, வாசலுக்கு வந்தாலே அவளுக்கு வாந்தி.

கிராணியிடம் ஓடினேன்.

"ஐப்பசி ஒண்ணாம் தேதி ஒரே ஒரு மீன் பிடிச்சுக் குடுங்க கிராணியாரே."

அவர் முகம் வாடிவிட்டது. "புரட்டாசியோட சீசன் முடியுதே, வாத்தியாரே."

"உங்க சீசன்ல இடி விழ! என் பொண்டாட்டி சோறு தின்னு எத்தன நாளாச்சு தெரியுமா?"

"துரைக்கு வாக்குக் குடுத்திருக்கேன்," என்றார். சீமையில் உட்கார்ந்திருக்கிற துரைக்கு! சுவருக்கு இந்தப் பக்கம் முனகிக்கொண்டிருக்கிற உயிர் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. நானே ஒரு தூண்டிலை வாங்கிக்கொண்டு ஒத்திகை பார்க்கப் போனேன். பாறையில் வழுக்கி விழுந்து, ஒரு செருப்பை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

புரட்டாசி கடைசி சனிக்கிழமை, முழங்கால் வரை ஈரமாகக் காய்கறி லாரியிலிருந்து இறங்கினார் கிராணி. தகர டின் ஒன்றைச் சாக்குப் போட்டு மூடி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார்.

"இன்னிக்கும் பிடிச்சு விட்டாச்சா? புண்ணியம் கட்டிக்கிட்டீரா?" என்று லயத்து ஜனம் பார்க்கக் கத்தினேன். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன்பிறகு அவர்மேல் ஒரு வாடை வர ஆரம்பித்தது. அந்தக் குளிரில் குளிக்காமல் இருப்பது பெரிய குற்றமில்லை. ஆனால் இது அதையும் தாண்டிய வாடை. மானேஜர் அவர் மேசையை வராந்தாவுக்குத் தள்ளிவிட்டார். விநோதம் என்னவென்றால், காலையிலும் மாலையிலும் அவர் குளியலறையில் சளசளவென்று தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் ஓயவில்லை. நானும் விடவில்லை. சுவரில் குத்தினேன். "ஊத்தி என்னய்யா பிரயோசனம்? நாத்தம்தான் போகலயே! தண்ணியாவது மிச்சமாகட்டும்!" அந்தப் பக்கம் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

ஐப்பசி ஒன்றாம் தேதி விடிந்ததும் கதவு தட்டப்பட்டது. கிராணி நின்றார், அந்த வாடையோடு. கையில் அலுமினிய அண்டா. அதற்குள் கை நீளக் கெலா ஒன்று, உயிரோடு வாலை அடித்துக்கொண்டிருந்தது.

"சனிக்கிழம பிடிச்சது, வாத்தியாரே. சீசனுக்குள்ளதான்," என்றார். "குளிக்கிற தொட்டியில விட்டுவச்சேன். தண்ணிய மேலேர்ந்து ஊத்திக்கிட்டே இருந்தாத்தான் அதுக்கு மூச்சு. சவுக்காரம் பட்டா செத்துரும்னு நான் குளிக்கல."

எனக்கு வந்ததே கோபம்! "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாய்யா? ஊரே கேக்க உன்னத் திட்டினேனே!"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்ககிட்ட சொன்னா தங்கச்சிக்குத் தெரிஞ்சிரும். பக்கத்துல மீனு இருக்குன்னு தெரிஞ்சா மனசு அதுமேலயே கெடக்கும். பிள்ளைக்காக இருக்கிற விரதம், மனசால கூட முறியக் கூடாதுல்ல?"

நான் அண்டாவை வாங்கிக் கீழே வைத்தேன். என் மனைவி எழுந்து வந்து அண்டாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அண்ணே, மொதல்ல குளிச்சிட்டு வாங்க. சேந்து சாப்பிடலாம்," என்றாள். அன்று மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு பருக்கைகூட வெளியே வரவில்லை. பிறந்த பெண் முதல்நாளே தோட்டம் அதிர வீறிட்டு அழுதாள். "நல்ல கோவம். பொழச்சுக்குவா," என்றார் கிராணி.

எண்பதுகளில் எனக்கு மாற்றல் வந்து மலையை விட்டு இறங்கினோம். பிறகு ஒருநாள், கிராணி போய்ச் சேர்ந்துவிட்டார் என்று காரியமெல்லாம் முடிந்தபின் செய்தி வந்தது. பாருங்கள், அதையும் ஒரு வார்த்தை சொல்லாமல்தான் செய்திருக்கிறார்!

இன்றைக்கும் புரட்டாசி பிறந்தால் வாசலில் நின்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன். போனவரை எதற்குத் திட்டுகிறீர்கள் என்று இப்போதெல்லாம் என் மனைவி கேட்பதில்லை. கோபம் வந்தாலாவது ஒரு தரம் மேலே வரமாட்டாரா என்றுதான் திட்டுகிறேன்.