எதுக்கும் ஓட்டிய இரண்டு என்ஜின்

கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு, ஈர வேட்டியோடு பல் கிடுகிடுக்க அறைச் சாவி கேட்டு நிற்கும் மனிதரிடம், "சார், புதுசா கேம் செய்யக் கத்துக்கிறவனுக்கு எந்த என்ஜின் சார் நல்லது?" என்று கேட்கும் துணிச்சல் இந்தப் பூமியில் ஒருவனுக்குத்தான் உண்டு. துணிச்சல் என்று சொன்னது தப்பு. அது பயம். எங்கள் எதுக்குமிடம் இருந்ததெல்லாம் பயம்தான்.

அவனுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டவர் அவனுடைய உம்மா மட்டும்தான். எதைப் பேசினாலும் "எதுக்கும்" என்றுதான் தொடங்குவான்; அதுவே எங்களுக்கு அவன் பெயராகிவிட்டது. "எதுக்கும் குடை எடுத்துக்கிறேன்." "எதுக்கும் இன்னொரு பூட்டுப் போட்டுருவோம்." இராமேஸ்வரத்தில் மேற்கு வாசல் பக்கம் ஒரு லாட்ஜில் நாங்கள் இரண்டு பேரும் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தோம். நான் கொஞ்சம் மூத்தவன். அவனுக்குச் சொந்த ஊர் பெரியபட்டினம். விடுமுறைக்குப் போய்வரும்போது, பாம்பன் பாலம் வந்தால் ஜன்னலோரத்திலிருந்து எழுந்து உள்பக்கம் உட்கார்ந்துகொள்வான். உள்பக்கம் உட்கார்ந்தால் மட்டும் பஸ் மிதக்குமா என்று கேட்டேன். "எதுக்கும்ணே" என்றான்.

இப்படிப்பட்டவனுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்ய ஆசை வந்தது. விளையாட அல்ல, செய்ய. என்ன கதை என்று கேட்டேன்.

"ஒரு படகுண்ணே. பாம்பன் பாலத்துக்கு அடியில போயி, மீனப் புடிச்சுட்டு, இருட்டுறதுக்குள்ள கரைக்கு வந்துரணும். அம்புட்டுத்தான்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. விளையாட்டைக் கட்டித் தருவதற்கென்றே தனி மென்பொருள் இருக்கிறதாம். அதைத்தான் என்ஜின் என்கிறார்கள். அதில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்றான். அந்தப் பாதி வேலையைத் தொடங்கியவன் தொடங்கியவன்தான்.

நான் சிரித்துக்கொண்டே சொன்னாலும் விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. அவனுடைய லாத்தாவின் கணவர் வளைகுடாவில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். அக்கா மாப்பிள்ளையாயிற்றே, அக்கறையாக இவனுக்கும் அங்கேயே ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். இவன் போனில் கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு சலுகை கிடைத்தது. அடுத்த லீவில் மச்சான் ஊருக்கு வரும்போது, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு விளையாட்டைச் செய்து காட்ட வேண்டும். காட்டினால் சென்னைக்குப் போய்ப் படிக்கலாம். காட்டாவிட்டால் மச்சானோடு விமானம் ஏற வேண்டும். விமானம் என்று வாயால் சொல்லும்போதே மேஜையை இறுக்கிப் பிடித்துக்கொள்வான்.

அதனால்தான் வருகிற போகிற யாத்ரீகர்களையெல்லாம் பிடித்து விசாரித்தான். பெங்களூரு, ஐதராபாத் என்று விலாசம் எழுதியவர்கள் தப்பிக்கவே முடியாது. ஒருவர் பெரிய என்ஜின்தான் என்பார். அடுத்தவர், பழகுகிறவனுக்கு அது யானையைக் கட்டி இழுக்கிற வேலை, சின்னதுதான் என்பார். புதிதாகக் கல்யாணமான ஒரு தம்பதி இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்லி, பேச்சு முற்றி, கடைசியில் தனித்தனி அறை கேட்டார்கள். தர்ப்பணத்துக்கு வந்த பெரியவர் ஒருவர், "ஏதாவது ஒண்ணை எடுத்துத் தொலையேன்டா" என்றார். கேட்டதிலேயே உருப்படியான யோசனை அதுதான். எதுக்கும் அதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேனேஜர் கத்தினார். "ஏலே, வந்தவுகளுக்கு வெந்நி எத்தன மணிக்குன்னு சொல்லு. அவுகளப் போயி என்னலே கேள்வி கேக்குற?"

கடைசியில் ஒரு நாள், முடிவு எடுத்துவிட்டதாக வந்து நின்றான். கேட்டுவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கத்துக் கடலில் ஒரு முறை உண்டு. விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் இறங்கினால் வலை அறுபடும், சண்டை வரும். அதனால் விசைப்படகுக்குச் சில நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்று பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எதுக்கும் அந்த முறையை லேப்டாப்புக்குள் கொண்டுபோய்விட்டான்.

"பெரிய என்ஜினு விசைப்படகுண்ணே. திங்க, புதன், சனி அது. மத்த நாளு சின்னது. ரெண்டுக்கும் சண்ட வராது."

"செய்யப்போறது ஒரு கேமுதானப்பா?"

"எதுக்கும் ரெண்டுலயும் கெடக்கட்டும்ணே."

விசைப்படகு நாட்களில் அவனுடைய பழைய லேப்டாப் கொதிக்கும். யாத்ரீகர்கள் பக்கம் காற்று வீசிக்கொண்டிருந்த மேஜை விசிறியை லேப்டாப் பக்கம் திருப்பிவிடுவான். ஈர வேட்டியோடு வந்தவர்களுக்கு அது நல்லதாகப் போயிற்று. மற்றவர்கள் வேர்த்து வழிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்கள்.

மாதங்கள் ஓடின. பெரிய என்ஜினில் கடல் வந்திருந்தது. அடடா, என்ன கடல்! பார்த்த எனக்குத் தலை சுற்றியது. ஆனால் அதில் படகு இல்லை. சின்ன என்ஜினில் படகு வந்திருந்தது. அதற்குக் கீழே தண்ணீர் இல்லை. வெள்ளைத் திரையில் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"அந்தக் கடல்ல இந்தப் படக எறக்கேன்ப்பா."

"அது ஏறாதுண்ணே. இது ஒரு மாதிரி, அது ஒரு மாதிரி" என்றான்.

அந்த வாரமே மச்சான் டிக்கெட் போட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. எதுக்கும் வாங்கிய பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்து வைத்தானே தவிர வாயில் வைக்கவில்லை. எனக்கும் அவன் வியாதி தொற்றிக்கொண்டது. பூட்டிய பூட்டை மறுபடி இழுத்துப் பார்த்தேன். அணைத்த விளக்கை மறுபடி போய்ப் பார்த்தேன். எல்லாம் அவன் போய்விடுவானே என்ற நினைப்பால்தான். ஒரு விளையாட்டு முடியவில்லை என்று நான் இத்தனை பயப்படுவேன் என நினைத்ததே இல்லை.

சித்திரை பிறந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தவன், விசிறியைத் தொடாமல் லேப்டாப்பைத் திறந்தான். எட்டிப் பார்த்தேன். சின்ன என்ஜின்.

"என்னப்பா, இன்னைக்குப் பெருசோட மொறையில்ல?"

"தடைக்காலம்ணே" என்றான், எனக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல். "விசைப்படகு கடல்ல எறங்கக் கூடாது. நாட்டுப்படகு மட்டுந்தான்."

மீன்கள் குஞ்சு பொரிக்கட்டும் என்று ஆண்டுதோறும் விசைப்படகுகளைக் கரையில் கட்டிப்போடும் காலம் அது. சிரிப்பு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஐதராபாத்தும் பெங்களூரும் சேர்ந்து தீர்க்க முடியாத வழக்கு இது, தானாகத் தீருகிற நேரத்தில் நான் கெடுக்கலாமா?

"ஆமாப்பா, மீறுனா நடவடிக்கை எடுத்துருவாக" என்றேன் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு. பயந்துபோய்த் தலையாட்டினான்.

அதன்பின் தினமும் ஒரே என்ஜின்தான். கடல், நீலக் கோடு கோடாக வந்தது. சின்னப்பிள்ளை வரைந்த மாதிரிதான் இருந்தது, ஆனால் படகு அதில் மிதந்தது. பாலம் வந்தது. மீன் வந்தது. தடைக்காலம் முடிகிற சமயத்தில் மச்சானும் வந்தார்.

மச்சான் நேராக லாட்ஜுக்கே வந்து சோபாவில் உட்கார்ந்தார். லேப்டாப்பை அவர் முன்னால் வைத்துவிட்டு எதுக்கும் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். நான் பக்கத்தில் நின்றேன்.

அவர் பொத்தானைத் தட்டினார். திரையில் கேள்வி வந்தது. "வானிலை பார்த்தாச்சா?" ஆமாம் என்று தட்டினார். "டீசல் இருக்கா?" ஆமாம். "வீட்டில் சொல்லியாச்சா?" அங்கே மட்டும் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தட்டினார். "எதுக்கும் இன்னொரு தரம் யோசிங்க."

"என்னடா இது, படகு கெளம்புமா கெளம்பாதா?"

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "கெளம்பும் மச்சான். பயப்படாதீக."

கிளம்பியது. பாலத்தைத் தாண்டியது. மீன் ஏறியது. திரும்பும்போது எதிர்காற்று பிடித்துக்கொண்டது, திரை இருட்டத் தொடங்கியது. மச்சான் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். "யா அல்லாஹ், இங்கிட்டு வாடா, இங்கிட்டு!" என்று படகைப் பார்த்துக் கத்தினார். சாவி வாங்க வந்த யாத்ரீகர்களும் கூடிவிட்டார்கள். முழுக்க இருட்டுவதற்கு ஒரு நூலிழை முன்னால் படகு கரையில் முட்டியது. லாட்ஜே மூச்சு விட்டது.

மச்சான் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்டா ஊருக்கு வாரேன்" என்றார். பிறகு, "அந்த வேலைக்கு வேற ஆளச் சொல்லிக்கிறேன். நீ சென்னைக்குப் போயிப் படி."

அவர் போனபிறகு நான் ஒருதரம் விளையாடிப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். படகு கிளம்பியதிலிருந்து திரும்பும் வரைக்கும், கரையில் கையில் டார்ச்சோடு ஒரு குட்டி உருவம் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தது.

"யாருப்பா இது?"

"நீங்கதாண்ணே."

"என்னைய எதுக்கு அங்கன நிறுத்துன?"

"படகு தனியாப் போகுதுல்ல" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "எதுக்கும் கரையில நீங்க நின்னா நல்லதுன்னுதான்."

ரயிலில், ஜன்னலோரத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டுதான் சென்னைக்குப் போனான். நான் அதே மேஜையில் இருக்கிறேன். அந்த விளையாட்டைப் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அவனிடமிருந்து பேச்சே இல்லாத நாட்களில் அதைத் திறந்து, படகு கரைக்கு வந்து சேர்கிறவரை ஓட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன். எதுக்கும் பார்த்துவிடுவது நல்லதுதானே.