பினாங்குக் கப்பலும் மூன்று நாட்டுப் பணமும்

"நூத்தி அம்பத்தஞ்சா? எங்கண்ணன் எண்ணிக் குடுத்தது நூறு மலேயா டாலரு! டாலராவே எடுத்து வை!"

ஜஹானாரா மேஜையில் அடித்த அடியில் மசிக்கூடு துள்ளியது. அதைப் பிடிக்கப் போன அம்புரோஸின் கை முழங்கை வரை நீலமானது.

செல்வநாதன் ஏஜென்சியில் அம்புரோஸ் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பெரிய கப்பல் கம்பெனியிடம் டிக்கெட்டை மொத்தமாக வாங்கி, கமிஷன் வைத்து விற்பது அங்கே தொழில். ராயபுரத்தில் அந்த ஒரே தெருவில் இப்படி நாலு ஆபீஸ் இருந்தன; நாலும் அதே கப்பல் டிக்கெட்டில் தங்கள் முத்திரையைக் குத்தி விற்றன. பினாங்கு போகவேண்டிய கப்பல் இயந்திரக் கோளாறால் ரத்தாகிவிட, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலை அம்புரோஸின் தலையில் விழுந்தது.

முதலாளி எண்ணூரில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்தார். பேரேட்டை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டியில் அறுநூற்றைம்பது ரூபாயை வைத்துவிட்டுச் சொல்லியிருந்தார்:

"டிக்கெட்டு பின்னால எழுதினபடி குடு. யாரும் வாசல்ல நின்னு கத்தக் கூடாது. கத்துனாங்கன்னா நீ நாளைக்கு வராத."

வந்த முதல் ஆட்களே மூன்று பேர். ஜஹானாரா, அவள் மாமியார், கொழுந்தன் கமால். விடுமுறையில் வந்திருந்த ஜஹானாராவின் அண்ணன்தான் மூன்று டிக்கெட்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பினாங்குக்குத் திரும்பியிருந்தான். தங்கை டிக்கெட்டுக்குத் தன்னுடைய டாலர். மாமியாருடையதற்கு, கொழும்பிலிருக்கும் அவள் தம்பி அனுப்பிய நூற்றைம்பத்தைந்து இலங்கை ரூபாய். கமால் டிக்கெட்டுக்குக் கமாலே கொடுத்த நம்மூர் ரூபாய், அதுவும் நூற்றைம்பத்தைந்து.

டிக்கெட் வாங்கிய அன்றைக்கு மூன்றும் ஒரே விலைதான். ஆனால் நம் ரூபாயின் மதிப்பை சர்க்கார் குறைத்துப் பத்து நாள் ஆகியிருந்தது; வெளிநாட்டுப் பணத்துக்கு இப்போது ரூபாய் அதிகம்.

"டாலரைக் கையில குடுத்தா என்னைப் புடிச்சு உள்ள போட்டுடுவாங்கம்மா" என்றான் அம்புரோஸ்.

"அப்ப நூறு டாலரு இன்னிக்கு எவ்ளோ ரூபாயோ, அத்தக் குடு."

நியாயமாகத்தான் பட்டது. அம்புரோஸ் பேங்குக்கு போன் போட்டான். பதில் வந்ததும் அவன் குரல் இறங்கியது.

"இருநூத்தி நாப்பத்தஞ்சு."

"அப்டிப் போடு!" என்று ஜஹானாரா பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டாள்.

அதுவரை தேமே என்று வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாமியார் எழுந்து வந்தாள். "என் தம்பி துட்டு மட்டும் இன்னா செல்லாக்காசா, நைனா? அதுவும் வெளிநாட்டுத் துட்டுதான்."

மறுபடி போன். காகிதத்தில் பெருக்கல். நீலக் கையால் நெற்றியைத் துடைத்ததில் நெற்றியும் நீலம்.

"உங்களுக்கு இருநூத்தி நாப்பத்தி நாலும்மா."

மாமியாரின் வாயில் வெற்றிலை நின்றது.

"அவ அண்ணன் துட்டுக்கு நாப்பத்தஞ்சு, என் தம்பி துட்டுக்கு நாப்பத்தி நாலா?"

"கணக்கு அப்டி வருதும்மா..."

ஜஹானாரா மெல்லச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"பாத்தியாடா கமாலு, எப்டி சிரிக்கிறா! நிக்கா அன்னிக்கு பிரியாணியில கறி கம்மியாப் போட்ட குடும்பம், இன்னிக்கு ஒரு ரூபா ஒசந்துட்டாங்களாம்!"

"கறி கம்மியா? உங்க ஆளுங்க மூணு பந்தி துன்னாங்களே, அத்தச் சொல்லு மாமி!"

சத்தம் தெருவுக்குப் போனது. மீன்கூடைக்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். ரிக்‌ஷாக்காரர்கள் இரண்டு பேர் வாசல்படியில் வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். முதலாளி சொன்னது காதில் ஒலிக்க, அம்புரோஸ் இருநூற்று நாற்பத்து நாலோடு இன்னொரு ரூபாயையும் சேர்த்து மாமியார் கையில் திணித்தான்.

"இந்தாங்கம்மா, சமம்! ரெண்டு பேரும் சமம்!"

வாசல்படியில் கைதட்டல் கேட்டது. அம்புரோஸுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அப்போதுதான் கமால் முன்னால் வந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அவன் நின்றதும் ஜன்னல் வெளிச்சம் போயிற்று.

"அண்ணாத்தே, எனக்கு எவ்ளோ?"

"உனக்கு... நம்மூர் ரூபாதானேப்பா. நூத்தி அம்பத்தஞ்சு."

"அதே கப்பலு. அதே டெக்கு. அவங்களுக்கு இருநூத்தி நாப்பத்தஞ்சு, எனக்குத் தொண்ணூறு ரூபா கம்மி. இந்த ஊரு துட்டுல வாங்குனது என் தப்பா?"

"இல்லப்பா, சட்டம்..."

"சொல்லு அண்ணாத்தே. இந்தியாக்காரன் கேவலமா?"

"கேளு நைனா, நல்லாக் கேளு!" என்று வாசல்படியிலிருந்து ஆதரவு வந்தது. மாமியாரும் மருமகளும் சண்டையை மறந்து கமாலுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டார்கள்.

பெட்டியில் மிச்சம் நூற்று அறுபது. இன்னும் எண்பத்தைந்து வேண்டும். அம்புரோஸ் சட்டைப்பையைத் தொட்டான். மாதா கோயிலில் மகள் எல்சியின் புதுநன்மைச் சடங்குக்கு எடுக்கவேண்டிய கவுனுக்கு வைத்திருந்த இருபத்தைந்து ரூபாய் அங்கே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான். பிறகு, மூலையில் துடைப்பத்தோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த குப்பம்மாவிடம் போனான். ஆபீசைப் பெருக்கி, டீ வாங்கி வருகிறவள் அவள்.

"குப்பம்மா, சீட்டு எடுத்தியே, அறுபது ரூபா இருக்கா? கம்பெனியாண்ட வாங்கி நாளைக்கே குடுத்துர்றேன்."

"வட்டி?"

"ரெண்டு ரூபா."

"அஞ்சு."

"சரி, தா!"

முந்தானை முடிச்சு அவிழ்ந்தது. கமால் பணத்தை வாங்கி, அம்புரோஸைக் கட்டிப்பிடித்து ஓர் அங்குலம் தூக்கி இறக்கினான். "நீதான் தோஸ்து!" மாமியார் அவன் நீல நெற்றியில் கை வைத்து துவா செய்தாள். மூவரும் சிரித்துக்கொண்டே படியிறங்க, கூட்டம் கலைந்தது.

ஆபீஸ் சட்டென்று அமைதியானது. அம்புரோஸ் நாற்காலியில் சாய்ந்தான். பெட்டி காலி, பை காலி, கடன் அறுபத்தைந்து. ஆனால் வாசலில் யாரும் கத்தவில்லை. மூன்று நாட்டுப் பணத்தை ஒரே நாளில் சமம் ஆக்கிய மனிதன் இந்தத் தெருவில் வேறு யார்? விவரமாக எழுதிக் கேட்டால் கம்பெனி கொடுக்காமலா போகும்?

வெளியே ரிக்‌ஷா நின்றது. பட்டுச் சட்டையும் சந்தனமுமாக முதலாளி இறங்கிக்கொண்டிருந்தார்.

"குப்பம்மா, சீக்கிரம், அந்த மூணு டிக்கெட்டையும் கம்பியில குத்து!"

குப்பம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. டிக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சாரே, நம்ம ஆபீசு முத்திர நங்கூரம்தான? இது மூணுலயும் மீனு கீதே... இது எதிர்த்தாப்புல லூர்து ஆபீசு வித்த டிக்கெட்டு!"