ரோஸ்லினுக்கு வள்ளம் ஓட்டத் தெரியாது

தகுதி என்பது கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டத்தக்க ஒரு பொருள் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன். எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் அத்தகைய பொருள்கள் மூன்று இருந்தன: சட்டப் பட்டம், வழக்கறிஞர் பதிவு, குற்றம் சாட்டப்பட்ட குழந்தைகளுக்காக வாதாடுவோர்க்குரிய இருநாள் பயிற்சியை முடித்தமைக்கான சான்றிதழ். அப்பயிற்சியில் ‘முதலில் குழந்தையோடு பேசுக’ என்னும் பாடத்தை மதிய உணவான தயிர்சாதத்துக்குப் பின் வைத்துவிட்டார்கள். (உறங்கினேன் என்பது உண்மை, குறட்டை விட்டேன் என்பது பொறாமைக்காரர் கூற்று.)

அச்சான்றிதழின் வலிமையில், தூத்துக்குடி இளைஞர் நீதிக் குழுமத்தில் எனக்கு வாய்த்த முதல் கட்சிக்காரர் பதினைந்து வயதுப் பெண். ரோஸ்லின் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைச் சொல்லச் சட்டம் இடந்தராது. நகருக்கு வடக்கே ஒரு மீனவ ஊர். ஒரு ஞாயிறன்று, அண்டை வீட்டு மிக்கேலின் வள்ளத்தை அவரைக் கேளாமல் கடலுக்குள் ஓட்டிப்போய், அடிப்பாகம் உரசித் திரும்பக் கொண்டுவந்தாள் என்பது புகார். ஏன் என்று காவலர் கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை. திருட்டு என்று முடிவானால் பள்ளி விடுதியில் கிடைத்த இடம் போய்விடும் என்று அவள் தாய் என்னிடம் அழுதார். தாயிடம் பேசியதையே மகளிடம் பேசியதாகக் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

விசாரணையன்று, கஞ்சியிட்டுத் தேய்த்த கறுப்பு அங்கியோடு நுழைந்தேன். அங்கோ மேடையுமில்லை, கூண்டுமில்லை. நீதிபதியும் உறுப்பினர் இருவரும் எங்களைப் போலவே சாதாரண நாற்காலிகளில் அமர்ந்திருந்தனர். ரோஸ்லினின் பெற்றோரும் மிக்கேலும் ஒருபுறம் இருந்தனர். பிள்ளை மிரளும், அங்கியைக் கழற்றிவிடுங்கள் என்றார் நீதிபதியம்மா. அவசரத்தில் கை சிக்கிக்கொள்ள, ரோஸ்லின்தான் எழுந்து வந்து என்னை விடுவித்தாள். (வழக்கறிஞரைக் கட்சிக்காரர் விடுவித்த வழக்கு அது ஒன்றுதான் என நினைக்கிறேன்.)

நான் திருவைகுண்டத்துக்காரி. கடலைக் கரையிலிருந்து, அதுவும் செருப்பு நனையாமல் அறிந்தவள். அந்த அறிவைக் கொண்டு, எஞ்சினைத் தொடவும் தெரியாத, துடுப்பின் எடையையும் தாங்காத பேதைப் பெண் இவள், புகாரே பொய் என்று முழங்கினேன். ‘அலைகடல்’ என்ற சொல்லை நான்கு முறை பயன்படுத்தியதாக நினைவு.

ரோஸ்லின் எழுந்துவிட்டாள்.

“இந்த அக்கா சொல்லுதத நம்பாதிய. எனக்கு வள்ளம் ஓட்டத் தெரியும். எங்கப்பாவையே கயிறு கட்டி இழுத்துட்டு வந்தேன்.”

“ஏளா, வாய மூடு” என்றார் தாய். காலம் கடந்துவிட்டது, மகள் முழுவதையும் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகலாகாது என்பது அவ்வூர்க் கட்டுப்பாடு. தந்தை மறைவாகப் போயிருக்கிறார். எஞ்சின் நின்று, வள்ளம் நீரோட்டத்தில் இழுபட, மகளை அலைபேசியில் அழைத்திருக்கிறார். ஊர் முழுவதும் கோயிலில் ஞாயிறு பூசை கண்டுகொண்டிருந்ததால், கேட்க ஆளின்றி மிக்கேலின் வள்ளத்தை எடுத்துப்போய் அவரை இழுத்து வந்திருக்கிறாள். தந்தையைக் காட்டிக்கொடுக்கலாகாதென்றே பிள்ளை இத்தனை நாள் மௌனம் காத்தாள். திருட்டுப் பட்டத்தைத் தாங்கியவளால் நான் சூட்டிய பேதைப் பட்டத்தைத் தாங்க முடியவில்லை.

தலைகுனிந்து நின்ற தந்தையின் தோளைப் பிடித்து உலுக்கினார் மிக்கேல்.

“எங்கிட்ட ஒரு போன் போட்டிருந்தா பூசைய விட்டுட்டு வந்திருப்பேம்லா. கடல்ல தவிச்சவன இழுக்கப் போன பிள்ள மேலயா நான் புகார் குடுத்தேன்?” பிறகு அவள் பக்கம் திரும்பி, “ஏளா, ஒத்தையிலயா இழுத்த?” என்றார். கேட்ட குரலில் வியப்பை விட மரியாதையே மிகுந்திருந்தது.

திருட்டு இல்லை என்று குழுமம் முடித்தது. விடுதி இடமும் நிலைத்தது. இதையெல்லாம் பிள்ளையிடம் முன்னரே கேட்கவில்லையா என்று நீதிபதியம்மா என்னை வினவினார். என்னிடம் இருந்த விடை அந்தப் பயிற்சி நாளின் தயிர்சாதம் ஒன்றுதான்.

பள்ளி விடுமுறையில் மிக்கேலே தம் வள்ளத்தில் எங்களை அழைத்துப் போனார். (ஞாயிற்றுக்கிழமை அல்ல.) இப்போது எங்கள் கூடத்தில் நான்காவதாக ஒரு படம் தொங்குகிறது. அதில் ரோஸ்லின் சிரித்தபடி எஞ்சினைப் பிடித்திருக்கிறாள். நான் கண்களை இறுக மூடி வள்ளத்தின் விளிம்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வருவோரை என் கணவர் முதலில் அதன் முன்தான் நிறுத்துகிறார்.

“இதுல வள்ளம் ஓட்டத் தெரியாத பேதைப் பொண்ணு யாருன்னு சொல்லுங்க பாப்போம்.”

இதுவரை எவரும் தவறாகச் சொன்னதில்லை.