சாளை பொரித்து வீடு விற்றவர்

உலகத்திலேயே மீன் பொரித்து வீடு விற்ற ஒரே மனிதர் எங்கள் சாளை பாய்தான். சந்தேகம் இருந்தால் ஷார்ஜாவில் எங்கள் ரியல் எஸ்டேட் ஆபீசுக்கு வாருங்கள். அவர் நாற்காலியை முகர்ந்தாலே போதும்.

மற்ற ஏஜெண்டுகள், வாங்க வருகிறவர்களுக்கு வீட்டைத் திறந்து காட்டும் ஓப்பன் ஹவுஸ் நாளில் வீடு முழுக்க அரபு சாம்பிராணி போட்டு, "ஸீ வியூ சார்" என்று ஜன்னலைக் காட்டுவார்கள். அந்தக் கடலைப் பார்ப்பதற்குள் கழுத்து சுளுக்கிக்கொள்ளும், அது வேறு விஷயம். காயல்பட்டினத்துக்காரரான பாயோ நேரே சமையலறைக்குப் போய், கையோடு கொண்டுபோன கரண்ட் அடுப்பில் சட்டியை வைத்துச் சாளை பொரிப்பார். "வாங்குறவங்க வியூவையா திங்கப் போறாங்க?" என்பார்.

ஒருமுறை கோட்டு போட்ட கனவான் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியிறங்கி ஓடினார். மேனேஜர் பொங்கிவிட்டார்.

"பாய், சனிக்கிழமை அந்த ஃபிளாட் போகலைன்னா கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. விசா கேன்சல். மீன் மாஃபி, மீனே கூடாது!"

ஊரில் மகளுக்குக் காலேஜ் சேர்க்கை நேரம். பாவம், பாய் தலையாட்டினார்.

சனிக்கிழமை மேனேஜரே காவலுக்கு வந்து நின்றார். வந்தவர்களெல்லாம் "யோசிச்சு சொல்றோம்" என்று நழுவினார்கள். கடைசியாகக் குளச்சல்கார நர்ஸ் ஒருவர் கணவரோடு வந்தார். எல்லா அறையும் பிடித்தது. சமையலறையில் மட்டும் தயங்கி நின்றார்.

"என்னம்மா யோசனை?" என்றார் பாய்.

"இப்ப இருக்க வாடகை வீட்டுல மீன் பொரிச்சா, பக்கத்து வீட்டுக்காரங்க செக்யூரிட்டிய கூப்பிடுதாங்கண்ணே. சொந்த வீட்டுலயும் பயந்து பயந்து திங்கணுமான்னு..."

பாய் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூடாது என்று கண்ணை உருட்டினார்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்று பையைத் திறந்தார் பாய். அடுப்பு, சட்டி, மசாலா தடவிய சாளை! மேனேஜர் பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதை.

எண்ணெய் சீறியது. அது போதாதென்று பாய் போய்ப் பக்கத்து ஃபிளாட் மணியை வேறு அடித்தார். மேனேஜர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கதவைத் திறந்த மலையாளத்து அம்மாள் கையில் காலித் தட்டு!

"மத்தியல்லே? மணம் வந்நு, மீன் எவிடே?" என்றார். அவர்கள் ஊரில் சாளைக்கு மத்தி என்று பெயர்.

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த வீடுதான்ணே" என்றார். அங்கேயே கையெழுத்தானது. மேனேஜர் தலையை மட்டும் ஆட்டினார். வாய் நிறைய மீன்.

மகளைக் காலேஜில் சேர்க்க பாய் இப்போது லீவில் ஊருக்குப் போயிருக்கிறார். ஆபீஸ் முழுக்கச் சாம்பிராணி மணக்கிறது. சகிக்கவில்லை. சீக்கிரம் வாங்க பாய்.