மாமன் வண்டியை மறித்த கதாநாயகன்

சினிமா பார்த்துக் கெட்டுப்போனவர்கள் என்று எங்கள் பக்கம் கணக்கெடுத்தால் முதல் ஆள் நான்தான். அதுவும் ஒரே ஒரு படம் பார்த்து!

யுத்த காலம். கம்பம் ஊரில் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டிருந்தார்கள். ஆண்கள் பக்கம் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து (முன்னால் இருப்பவன் தலைப்பாகை மறைத்தால் வேறு என்னதான் செய்ய?) ஒரு ராஜகுமாரன் படம் பார்த்தேன். மிரண்டு ஓடும் ரதத்தின் குறுக்கே பாய்ந்து குதிரைகளை ஒற்றைக் கையால் நிறுத்துவான். ரதத்திலிருந்த இளவரசி ‘ஆ!’ என்று அலறி அவன் தோளில் மயங்கி விழுவாள். ஆண்பிள்ளை என்றால் இப்படி, பெண்பிள்ளை என்றால் அப்படி என்று என் மண்டையில் நன்றாகப் பதிந்துவிட்டது.

மறுநாளே போய், நன்றாக இருந்த மீசையை ராஜகுமாரன் மாதிரி மெல்லிய கோடாக ஒதுக்கிக்கொண்டு வந்தேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏலே, இது மீசையா, மூக்குக்குக் கீழ அழுக்கா?”

எல்லாம் பேச்சிக்காகத்தான். காமயகவுண்டன்பட்டியில் இருந்த என் தாய்மாமன் மகள். எனக்குத்தான் அவள் என்று சின்னதிலிருந்தே பேச்சு. அந்த நேரம் பார்த்துத் தேவாரம் ஊரிலிருந்து ஒரு வரன் வந்து நின்றது. ஏலக்காய் வியாபாரம், கடா மீசை! மாமா மனசு அந்தப் பக்கம் சாய்கிறது என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். பேச்சி இல்லையென்றால் எனக்கு உலகமே இல்லை.

அவளும் பெண்கள் பக்கமிருந்து அதே படத்தைப் பார்த்திருந்தாள். எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்டேன்.

“அந்தப் பொம்பளைக்குக் கையில்லையாக்கும்? கடிவாளம் பக்கத்துலதான கெடக்கு. இழுத்துப் பிடிக்க வேண்டியதுதான?”

(அங்கனயே எனக்குப் புத்தி வந்திருக்கணும். வரலையே!)

மாமாவுக்கு மூட்டுவலி, ஆண்பிள்ளையும் கிடையாது. அதனால் தோட்டத்து மாட்டு வண்டியைப் பேச்சிதான் ஓட்டுவாள். ஒரு சாயங்காலம் மாமா வீட்டுக்கு நடந்து போகிறேன், வாய்க்கால் கரையில் பின்னாலிருந்து வண்டி பறந்து வருகிறது. மேலே பேச்சி நிற்கிறாள். பொழுது சாய வீடு திரும்புகிற மாடு தவிட்டுத் தண்ணி நினைப்பில் ஓடத்தான் செய்யும். வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டில் தவழுகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு மாடா தெரிந்தது?

“அஞ்சாதே பெண்ணே!” என்று செந்தமிழில் கத்தியபடி குறுக்கே பாய்ந்து, மயிலைக்காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தேன். மயிலை தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. என் கால் தரையில் இல்லை. ‘ஆ!’ என்று ஓர் அலறல். அசல் இளவரசியின் குரல். வந்தது என் தொண்டையிலிருந்து.

“மச்சான், கயித்த விடுங்க! மாட்டுக்கு மூக்கு கிழிஞ்சிரும்!” என்று பேச்சி கத்தினாள்.

விட்டேன். வாய்க்கால் சேற்றில் குப்புற விழுந்தேன். அவள் பிடிகயிற்றை இழுத்து “ஹோ... ஹோ...” என்றதும் காளைகள் சமத்தாக நின்றன. இறங்கி வந்து சட்டையைப் பிடித்து என்னைத் தூக்கி வண்டியில் போட்டாள். மயக்கம் வந்ததும் எனக்குத்தான்.

கண் விழித்தபோது மாமா வீட்டு வாசல். சுற்றிலும் பாதி ஊர்.

“என் மாட்டுக்கும் உனக்கும் என்ன மாப்ள பகை?” என்று கேட்டுவிட்டு மாமா அத்தையிடம் திரும்பினார். “தேவாரத்துக்காரகளுக்குச் சம்மதம்னு சொல்லி விடு. இவனுக்குக் குடுத்தா, காலம் பூரா இவனையும் என் மகதான் சுமக்கணும்.”

ராஜகுமாரன் அழமாட்டான் என்பதெல்லாம் மறந்தே போச்சு. அத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன்.

மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த பேச்சி, கையை எடுக்காமலே சொன்னாள்:

“அய்யா, தேவாரத்தவுக இங்கன வந்தன்னிக்கு, வழியில நின்ன மயிலைய அடிக்காதீகன்னேன். நான் சொல்லச் சொல்ல அடிச்சாக. இவுக, நான் விடுங்கன்னதும் விட்டாக. எனக்கு இவுக போதும்.”

“தேவாரத்துக்கு வேண்டாம்னு சொல்லி விடு” என்றார் மாமா அத்தையிடம். அந்தத் தையில் எங்களுக்குக் கல்யாணம்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வரன் வந்தால் நிலம், படிப்பு, உத்தியோகம் எல்லாம் மற்றவர்கள் விசாரித்துக்கொள்வார்கள். பேச்சி கேட்பது ஒன்றுதான்.

“பையன் சொன்னா விடுவானா?”

எதை விடுவது என்று தெரியாமல் மாப்பிள்ளை வீட்டார் முழிப்பார்கள். எங்கள் ஆட்கள் மொத்தப் பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.